கொடியை மட்டும் பார்த்தவர்கள்

"என் தம்பிய காட்டிக் குடுத்துட்டு வந்து காப்பி கேக்கறீங்களே, மனுஷன்தானா நீங்க?"

"மெதுவா பேசு பிரிஜெட். ஜன்னல் தொறந்திருக்கு."

"தொறந்தே கெடக்கட்டும்! ஏ பிளாக், பி பிளாக் எல்லாம் கேக்கட்டும். எந்திரிச்சி நின்னு, 'இது பொய்'ன்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு இல்ல உங்களுக்கு?"

"நான் வாயே தொறக்கலடி!"

"அதத்தான நானும் சொல்றேன்!"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அதனால்தான் ஸ்வர்ண விஹார் அடுக்ககத்தில் அன்று சாயங்காலம் ஒரு வீட்டிலும் சீரியல் சத்தம் கேட்கவில்லை. கட்டியவர் விளம்பரத்தில் இந்த இடத்தை ரிச்மண்ட் டவுன் என்பார், ஆட்டோக்காரர்கள் நீலசந்திரா என்பார்கள். குடியிருப்பவர்கள் விளம்பரத்தை நம்பி வாங்கி, ஆட்டோக்காரரை நம்பி வீடு வந்து சேருகிறவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த வீட்டுச் சண்டையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

பிரிஜெட்டின் புருஷன் ஓஸ்வால்டுக்கு, தான் செய்த குற்றம் என்னவென்றே அதுவரை புரிந்திருக்கவில்லை. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாம்பாரில் உப்பு கூடினால் கேள்வி அவரிடம் வரும், அவர் சமையல்காரரைப் பார்ப்பார், அதோடு பொறுப்பு முடிந்தது. எதையும் நேராகச் சந்தித்துப் பழக்கமில்லாத மனிதருக்கு ரத்தக் கொதிப்பு மட்டும் எப்படியோ வந்துவிட்டது. "தினம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டினார்கள்: "நிஷ்டா சபை. கிளப் ஹவுஸ், ஞாயிறு மாலை. உட்கார அவரவர் பாய் கொண்டுவரவும்."

கன்னடத்தில் நிஷ்டை என்றால் விசுவாசம். மல்லேஸ்வரம் தமிழர்களுக்கு அது தொட்டில் பழக்கமாகத் தெரியும். ஓஸ்வால்ட் மாதிரிக் கன்டோன்மெண்ட் தமிழர்களின் கன்னடமோ பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்கும்வரைதான் போகும். ஓஸ்வால்டுக்கு நிஷ்டை என்றால் கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்காருவது. பாய் வேறு கேட்டிருந்தார்கள். கிளப் ஹவுஸ் நாற்காலிகள் எல்லாம் யாரோ வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? "நம்ம ஆளுங்க இதுக்கெல்லாம் போலாமா?" என்று பிரிஜெட்தான் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு யேசுவின் பெயரைச் சொன்னால் தப்பில்லை என்று ஃபாதர் சொன்னதாக அவர் சொன்னார். ஃபாதரை அவர் கேட்கவே இல்லை.

அங்கே என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், சுதந்திர தினத்தன்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சங்கத் தலைவர் சேஷகிரி கொடியேற்றிவிட்டுப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி, ஏதோ விரதம் என்று காலையிலிருந்து பல்லில் தண்ணீர் படாமல் நின்றாள். ஒருவழியாகப் பேச்சு முடிந்து ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. பாதியில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலை சிமெண்டுத் தரையில் மோதவேண்டியது. மோதவில்லை. பிரிஜெட்டின் தம்பி க்ளென் வரிசையிலிருந்து பாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டான். மற்றவர்கள் எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். சேஷகிரி எல்லாரையும்விட விறைப்பாக நின்றார். பின்னால் "ஐயோ" என்று கேட்டபோது அவருடைய ஒரு காது மட்டும் லேசாக அசைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

அதன்பின் லிஃப்டில் பேச்சு கிளம்பியது. பெண்டாட்டி விழுகிறாள், மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். சேஷகிரியின் காதுக்கும் போயிற்று. யோசித்துப் பார்த்தால், ஒன்று அவர் கல்நெஞ்சுப் புருஷன், அல்லது க்ளென் தேசத் துரோகி. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். சங்கத்தின் தலைவர் யார் என்பதை வைத்து விடை தீர்மானமாயிற்று.

நிஷ்டா சபையில் சேஷகிரி பேசியதை வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், ஓஸ்வால்டைத் தவிர.

"எல்லாரும் கேக்கறா, இப்படி சபை நடத்தச் சொல்லி சர்க்கார்லேர்ந்து சர்க்குலர் வந்திருக்கான்னு. வரலை. வராது. வந்தப்புறம் கீழ்ப்படியறதுக்குப் பேரு பயம். வர்றதுக்கு முன்னாடியே கீழ்ப்படியறதுக்குப் பேருதான் நிஷ்டை! எங்க கொள்ளுத்தாத்தா மகாராஜாவுக்கு விஸ்வாசமா இருந்தார். தாத்தா அதே மேஜையில உக்காந்துண்டு துரைக்கு விஸ்வாசமா இருந்தார். அப்பா, அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு மந்திரிக்கும் விஸ்வாசமா இருந்தார். ஆட்சி மாறின அன்னிக்கே எங்காத்து ஹால்ல படம் மாறிடும். ஒரு நாளாவது அந்த ஆணி வெறுமனே இருந்தது கிடையாது!"

பலத்த கைதட்டல். ஓஸ்வால்ட் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார்.

பிறகு செயலாளர் ராகேஷ் எழுந்தான். ஐ.டி. கம்பெனி ஒன்றில் எதையோ நிர்வகிப்பவன். எதை என்று அவன் மனைவிக்கும் தெரியாது. "தேசிய கீதம் நடக்கறப்ப தரையில உக்காந்த விஷயம். க்ளென் அவர்களை சபை கண்டிக்குது. குடும்பத்து சார்பா யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? ஓஸ்வால்ட் அங்கிள்? அங்கிள்?"

ஓஸ்வால்ட் யேசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கேயோ போயிருந்தார்.

"ஆட்சேபணை இல்ல. ஆயித்து. நோட் பண்ணிக்கறேன்."

கைதட்டல் கேட்டுத்தான் அவர் கண் விழித்தார். சுற்றிலும் நின்று கைகுலுக்கினார்கள். ஒருவர் கண் கலங்கிக்கூட இருந்தார். முதல் நாளே இவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்ததற்குத்தான் இத்தனை மரியாதை என்று நினைத்துக்கொண்டு, பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து காப்பி கேட்டார். அதற்குள் வாட்ஸப்பில் செய்தி வந்து பிரிஜெட் படித்துவிட்டிருந்தாள்.

சண்டைக்கு நடுவே க்ளென் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தான். சர்ச்சுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. மாஸ்டர். கல்யாணம் ஆகாமல் அக்கா வீட்டிலேயே காலம் தள்ளுகிறவன். தலை நரைத்தும் அக்காவுக்கு அவன் "டேய்"தான்.

"விடுக்கா. மாமா தூங்கியிருப்பாரு."

"தூங்கலடா! நிஷ்டையில இருந்தேன்."

"அதேதான் மாமா."

"நாளைக்கே போயி சரி பண்ணிட்டு வர்றேன், பாரு" என்றார் ஓஸ்வால்ட்.

சரி பண்ணத்தான் மறுநாள் சங்க அலுவலகத்துக்குப் போனார். வாசலில் காவலாளி சல்யூட் அடித்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவரைப் பார்த்துக் கொட்டாவிதான் விட்டிருக்கிறான். உள்ளே ராகேஷ் எழுந்து நாற்காலி போட்டான்.

"அங்கிள், நீங்கதான் நம்ம ஸ்டார். தேசத்துக்காக சொந்த மச்சினனையே விட்டுக் குடுத்தவரு இந்த ஏரியாவிலயே வேற யாரும் இல்ல. பக்கத்து அபார்ட்மெண்ட்ல வயித்தெரிச்சல் படறாங்க. அவங்களுக்கு விட்டுக் குடுக்க ஒரு சித்தப்பாகூட கெடைக்கல."

"இல்ல ராகேஷ், ஒரு தப்பு நடந்துபோச்சி. நான் அது தியானம்னு நெனச்சி வந்தேன். நீங்க பேசினது எதுவுமே என் காதுல விழல."

ராகேஷ் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"அங்கிள், இத வெளியில சொல்லிடாதீங்க. தேசத்தப் பத்திப் பேசறப்ப உங்க மைண்ட் வேற எங்கியோ இருந்துச்சா? அது க்ளென் அங்கிள் கேஸவிடப் பெரிய கேஸ். அவருக்கு உடம்பு மட்டும்தான் உக்காந்துச்சு. உங்களுக்கு மைண்டே உக்காந்துடுச்சே!"

ஓஸ்வால்டுக்குக் கொதிப்பு ஏறியது. அடுத்த ஞாயிறு விசாரணை இருக்கிறது, க்ளென் பக்கத்து நியாயம் ஏதாவது இருந்தால் அங்கே சொல்லலாம் என்று ராகேஷ் ஆறுதல் சொன்னான். "ஆனா யோசிச்சி சொல்லுங்க" என்றும் சொன்னான்.

அந்த ஒரு வாரத்தில் ஓஸ்வால்டுக்கு நடந்ததை என்னவென்று சொல்ல. 'நிஷ்டாவந்தர்' என்று எழுதிய பட்டையைச் சட்டையில் குத்திவிட்டார்கள். காலையில் கொடிக்கயிறு இழுக்கும் பொறுப்பு அவருக்கு. காருக்கு நிழலான இடம். தண்ணீர் லாரி வந்தால் முதல் குழாய் அவருடையது. கிளப் ஹவுஸ் முன்வரிசையில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலி. அவர் வந்தால் வாக்கிங் போகிறவர்கள் நின்று வழிவிட்டார்கள். வீட்டில் பிரிஜெட் இரண்டு பேருக்கு மட்டும் உலை வைத்தாள். அவர் தெரு மூலையிலிருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டார். அங்கேகூட ஒருவர் அவருக்காக வரிசையில் விலகி நின்றார். கேன்டீனில் அத்தனை வருஷம் இருந்தும் யாரும் அவருக்காக விலகியதில்லை. இட்லி ருசியாகவே இருந்ததாக அவர் பின்னால் ஒரு தடவை வாய்தவறிச் சொன்னார்.

விசாரணை நாள் வந்தது. கிளப் ஹவுஸில் நிற்க இடமில்லை. நாற்காலிகள் திரும்பி வந்திருந்தன. சேஷகிரி நடுவில் உட்கார்ந்தார்.

"விசாரணை எங்காத்துக்காரி சம்பந்தப்பட்டது. நியாயப்படி நான் விலகிக்கணும். விலகினா, ஆம்படையாளுக்காகப் பதவியை விட்டான்னு பேராயிடும். சொந்தபந்தத்துக்காகக் கடமையை விடறவன் நான் இல்லை. அதனால நானே விசாரிக்கறேன்."

இப்படி ஒரு தியாகத்தைக் கண்டு கூட்டம் உருகியது.

க்ளென் எழுந்தான். "ஸார், நான் பி.டி. மாஸ்டர். அட்டென்ஷன்ல நிக்கறது எப்பிடின்னு பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறதே நான்தான். அசெம்பிளில வெயில்ல பசங்க பொத்து பொத்துன்னு விழுவாங்க. கை தானா போயிரும். ஜெயலக்ஷ்மி ஆன்ட்டி விழுந்தாங்க. பிடிச்சேன். அவ்ளோதான்."

"விழுந்தாளா? விழுந்தா அடி பட்டிருக்கணுமே. அடி எங்கே?"

"பிடிச்சதாலதான ஸார் அடி படல!"

"அடி இல்லை. அப்போ விழலை. விழலைன்னா நீர் பிடிக்கலை. பிடிக்கலைன்னா சும்மா உக்காந்தீர். நான் சொல்லலை, நீரே சொல்றீர்" என்றார் சேஷகிரி. ராகேஷ் மடிக்கணினியில் அதைத் தட்டி ஏற்றினான்.

கேமராப் பதிவைப் போட்டுப் பார்க்கலாமே என்று பிரிஜெட் கத்தினாள். அன்று எல்லாக் கேமராக்களையும் கொடியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்ததாக ராகேஷ் பெருமையோடு சொன்னான். பார்க்கிங்கில் ஏ பிளாக் உத்தமனின் ஸ்கூட்டர் களவு போனது அன்றைக்குத்தான்.

தரைத்தளத்துப் பெருமாள்சாமிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து, "ஸார், அந்தம்மா விழுந்தத நான் பாத்தேன்" என்றார்.

"பேஷ். கீதம் நடக்கறச்சே உம்ம கண் எங்கே இருக்கணும்?"

"கொடி மேல."

"எங்கே இருந்தது?"

பெருமாள்சாமி ராகேஷின் மடிக்கணினியைப் பார்த்தார். "பாத்த மாதிரி ஒரு நெனப்பு ஸார். பாக்கல" என்று உட்கார்ந்துவிட்டார். அதன்பின் யாரும் எழவில்லை. கூடியிருந்த அத்தனை பேரும் அவள் விழுந்ததைப் பார்த்தவர்கள். அத்தனை பேரும் கொடியை மட்டும் பார்த்தவர்கள் ஆனார்கள்.

ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். க்ளென் எழுந்து அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"ஜெயா, நீ விழுந்தியா?"

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முப்பது வருஷமாகப் படித்துப் பழகியவள்.

"இல்லை. தேசிய கீதத்துக்கு நடுவுல யாராவது விழுவாளா? நான் நின்னுண்டுதான் இருந்தேன்."

"அப்போ உன் தலை இவர் மடிக்கு எப்படிப் போச்சு?"

"எனக்குத் தெரியாது. நான் கொடியைன்னா பாத்துண்டிருந்தேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம்.

க்ளென் மெல்லத் திரும்பி அக்கா புருஷனைப் பார்த்தான். முன்வரிசையில், பெயர் ஒட்டிய நாற்காலியில், பட்டையோடு உட்கார்ந்திருந்தார் ஓஸ்வால்ட்.

"மாமா, நீங்க என் பக்கத்துலதான நின்னீங்க. 'பிடி, பிடி'ன்னு கத்தினது நீங்கதான? நீங்க கத்தாட்டி எனக்கே தெரிஞ்சிருக்காது. அத மட்டும் சொல்லுங்க, போதும்."

கூட்டம் சாய்ந்து எட்டிப் பார்த்தது. உண்மைதான். ஓஸ்வால்ட் கத்தினார். அவர் வாழ்நாளில் யோசிக்காமல் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதை ஒப்புக்கொண்டால் க்ளென் தப்பிப்பான். கீதத்தின் நடுவே கண்ணைத் திருப்பியதும், அதற்கு மேல் வாயைத் திறந்ததும், இரண்டு குற்றமாக அவர் தலையில் விழும். பிரிஜெட் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்றிருந்தாள். கோபம் இல்லை இப்போது. கைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தாள், நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரி.

சேஷகிரி நெருக்கடிகளைக் கையாண்ட பரம்பரையில் வந்தவர். ஒரு நொடிதான் யோசித்தார்.

"ஓஸ்வால்ட், அவசரப்பட வேண்டாம். க்ளென் என்ன உத்யோகம்? பி.டி. மாஸ்டர். நீர் 'பி.டி., பி.டி.'ன்னுதானே கூப்பிட்டீர்? 'அடே, நீ பி.டி. மாஸ்டர் ஆச்சே, அட்டென்ஷன்ல நில்லு'ன்னு அவர் உத்யோகத்தை ஞாபகப்படுத்தினீர். அப்படித்தானே?"

இதைவிட அழகாக ஒரு மனிதனுக்குக் கதவு திறந்துவிட முடியாது. ஓஸ்வால்ட் பிரிஜெட்டைப் பார்த்தார். க்ளென்னைப் பார்த்தார். பிறகு, பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதுபோல, மேடையிலிருந்த சின்னக் கொடியைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. க்ளென் மட்டும் சிரித்தான். "சரி மாமா" என்றான். அதற்குமேல் அவன் அவரிடம் பேசியதாக யாருக்கும் தெரியாது.

தீர்ப்பு பெரிதாக ஒன்றுமில்லை. சங்கம் இரக்கமுள்ளது என்று ராகேஷ் அறிவித்தான். க்ளென் இனிமேல் குடியிருப்பவர் அல்ல, விருந்தாளி. அவ்வளவுதான். விருந்தாளி என்றால் கேட்டுக்கு வரும்போதெல்லாம் காவலாளி செல்போன் செயலியில் வீட்டுக்காரருக்குக் கேள்வி அனுப்புவான்: "க்ளென் வந்திருக்கிறார், விடலாமா?" வீட்டுக்காரர் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கேட் திறக்கும். வீடு ஓஸ்வால்ட் பெயரில் இருந்தது.

காலையில் பள்ளிக்கூடம் போய் வந்தால் ஒரு தடவை. பால் வாங்கப் போய் வந்தால் ஒரு தடவை. முதலில் எல்லாம் ஓஸ்வால்ட் மணி அடித்த உடனே அழுத்தினார். பிறகு ராகேஷ் ஒரு நாள் பக்கத்தில் வந்து, "அங்கிள், நீங்க ரொம்ப ஃபாஸ்ட்டா அழுத்தறீங்கன்னு கமிட்டில பேசிக்கறாங்க" என்றான். அதிலிருந்து கொஞ்சம் பொறுத்து அழுத்தினார். க்ளென் கேட்டில் நிற்கும் நேரம் நாளுக்கு நாள் நீண்டது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவனைத் தாண்டிப் போனார்கள், தலையைக் குனிந்துகொண்டு. குனியாதவர்களும் உண்டு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. கிளப் ஹவுஸில் நிஷ்டாவந்தருக்குப் பொன்னாடை போர்த்தும் விழா. மேடையில் சேஷகிரி பேசிக்கொண்டிருந்தார், "மனைவி கோவிச்சுண்டாலும் மனச்சாட்சி கோவிச்சுக்கப்படாது" என்று. ஓஸ்வால்டின் சட்டைப் பையில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். க்ளென் வந்திருக்கிறார், விடலாமா? முன்வரிசையில் ராகேஷ் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓஸ்வால்ட் போனைப் பைக்குள் போட்டார். அது மறுபடியும் நடுங்கியது. பொன்னாடை தோளில் விழும்போதும் நடுங்கியது. நெஞ்சு படபடக்கிறது என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

கேட்டுக்கு வெளியே க்ளென் பிரிஜெட்டின் மருந்துச் சீட்டும் மாத்திரைப் பொட்டலமுமாக, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். பால்கனியிலிருந்து பிரிஜெட் பார்த்தாள். கத்தவில்லை. அன்று அந்த ஜன்னலிலிருந்து ஒரு சத்தமும் வராததுதான் பலருக்கு ஏமாற்றம். அவள் பெட்டியோடு இறங்கி வந்து, பொன்னாடை விழா நடந்த வாசலைத் தாண்டி, கேட்டைத் தானே திறந்துகொண்டு போனாள். உள்ளே வரத்தானே அனுமதி வேண்டும். வெளியே போக யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அக்காவும் தம்பியும் ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். க்ளென்னுக்கு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதே பள்ளியில் கணக்கு டீச்சர் பிரிஸில்லா. அசெம்பிளியில் மயங்கி விழுந்த பிள்ளையை இருவரும் ஒரே சமயத்தில் பிடித்ததில் பழக்கமாம், கல்யாணமும் நிச்சயமாம். கேள்விப்பட்டதுதான். அவனுக்குப் போய் கல்யாணமா என்று ஏ பிளாக்கே வாய் பிளந்தது.

ராகேஷ் கனடாவுக்குப் போய்விட்டான். அங்கே குடியுரிமை வாங்கும்போது எடுத்த உறுதிமொழியை, வலது கையைத் தூக்கியபடி, சங்க வாட்ஸப்பில் படமாகப் போட்டான். எல்லாரும் கைகூப்பி வாழ்த்தினார்கள். சேஷகிரி, மகன் அபினவ் கூப்பிட்டான் என்று, நியூஜெர்ஸி போனார். ஜெயலக்ஷ்மி போகவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளாது என்று மல்லேஸ்வரத்தில் தங்கை வீட்டோடு இருந்துவிட்டாள். டிக்கெட் எடுத்த பிறகுதான் குளிர் ஞாபகம் வந்ததாம்.

ஓஸ்வால்ட் பி பிளாக்கிலேயேதான் இருக்கிறார். க்ளென்னின் கல்யாணப் பத்திரிகை இங்கே நாலைந்து வீடுகளுக்கு வந்தது, அவருக்கு வரவில்லை. பெருமாள்சாமிதான் தனக்கு வந்ததைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினார், காட்டாமல் இருந்திருக்கலாம். அழைப்பவர் என்ற இடத்தில் 'திருமதி பிரிஜெட்' என்று மட்டும் இருந்தது. ஓஸ்வால்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார்.

"'லேட்'னு போட்டாவது என் பேரப் போட்டிருக்கலாமே, பெருமாள்" என்றார்.

"நான் இங்கிலீஷ் பக்கத்தையும் பாத்தேன் ஸார்" என்றார் பெருமாள்சாமி. "அதுலயும் இல்ல."